முள்ளெலி பெர்த்தாவின் வழியனுப்புப் போர்வை

ஒரு காட்டில், அதாவது நம்ம ஊர்க் காடு என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டிக் கிளம்பிவிடாதீர்கள், இது ஏழு கடல் தாண்டி ஐரோப்பாப் பக்கம், வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற காடு, அங்கே ஒரு கம்பளி ஆலை இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மிருகங்கள் அதில் வேலை பார்த்தன. முயல்கள் தறி ஓட்டின. நீர்நாய்கள் சாயம் போட்டன. செம்மறிகள் பாடுதான் பாவம். தொழிலாளியும் அவைதான், மூலப்பொருளும் அவைதான், சம்பளம் மட்டும் ஒன்றுதான்.

அந்த ஆலையில் கம்பளி சீவுகிற வேலை முள்ளெலி பெர்த்தாவுடையது. முள்ளெலியை நீங்கள் வேலியோரம் பார்த்திருப்பீர்கள். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அதுதான். வெட்டிய கம்பளி சிக்கும் சிடுக்குமாக வந்து தரையில் குவியும். பெர்த்தா அதன்மேல் ஏறிப் படுத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு உருளல், அங்கிருந்து திரும்ப ஒரு உருளல். சிக்கெல்லாம் விட்டுப்போய்க் கம்பளி பஞ்சாக எழுந்து நிற்கும். பதினோரு வருஷமாக இதே வேலை. உழைத்துச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். உருண்டே சாப்பிட்ட ஜீவன் இது ஒன்றுதான்.

முதலாளி ஒரு கரடி. கெட்ட கரடி என்று சொல்ல மாட்டேன். குளிர்காலம் முழுக்கத் தூங்கும். வசந்தம் வந்ததும் எழுந்து, "என்னப்பா, எல்லாம் ஓடுதா?" என்று கேட்கும். "ஓடுதுங்க முதலாளி" என்று எல்லாம் கூட்டமாகச் சொல்லும். அதோடு அந்த வருஷத்து நிர்வாகம் முடிந்தது.

ஆனால் அந்த வருஷம் கரடி எழுந்து கேட்டபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. கிடங்குக் கதவைத் தள்ளினால் போர்வைகள் கூரையை முட்டிக்கொண்டு நிற்கின்றன. வாங்கத்தான் ஆள் இல்லை. விசாரித்தால், ரொம்பத் தூரத்தில், வெயில் கொளுத்துகிற ஒரு காட்டில், குரங்குகள் இதே போர்வையைப் பாதி விலைக்கு நெய்து கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்தன. அது எந்தக் காடு என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் சித்தி மகன் அங்கேதான் காஜா மிஷின் ஓட்டுகிறான். நான் குரங்கு என்று சொன்னது அவன் காதுக்குப் போக வேண்டாம்.

கரடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஆலோசகரை வரவழைத்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஓநாயின் பேரப்பிள்ளைதான் வந்தது. தாத்தா பொழுதுபோகாமல் அழுதது. பேரன் அதையே படிப்பாகப் படித்து, கழுத்தில் டை கட்டி, கையில் லேப்டாப்போடு வந்து இறங்கியது.

சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஓநாய் திரையில் ஒரு படம் காட்டியது. சிவப்புக் கோடு ஒன்று மேலே ஆரம்பித்துக் கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி நேராகக் கீழே போனது.

"இது என்னங்க சார்?" என்று கேட்டது பெர்த்தா.

"இது நீங்கதான்" என்றது ஓநாய். சொல்லும்போதே அதற்குக் கண் கலங்கிவிட்டது. முன்வரிசைச் செம்மறி ஒன்று பாவம் பார்த்து, துடைத்துக்கொள்ளத் தன் முதுகையே காட்டியது. ஓநாய் அதில் மூக்கையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு சொன்னது: "யாரையும் வேலையை விட்டுத் தூக்கறோம்னு தப்பா நினைக்காதீங்க. அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்காது. ஆலையைச் சீரமைக்கிறோம், அவ்வளவுதான்."

"சீரமைச்ச பிறகு நாங்க எத்தனை பேர் இருப்போம்?"

"ஒருத்தரும் இருக்க மாட்டீங்க. அவ்வளவு சீரா இருக்கும்."

பட்டியலை வாசித்தது. இலை உதிர்காலம் முடிவதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் போயாக வேண்டும். பட்டியலில் முதல் பெயர் பெர்த்தா. கம்பளி சீவுவதுதானே முதல் வேலை, அதனால் போவதிலும் முதல் மரியாதை.

அப்புறம் ஒவ்வொருவரையாக அறைக்குள் கூப்பிட்டு மறுவாழ்வு ஆலோசனை நடந்தது.

"உங்க திறமை என்ன மேடம்?" என்று ஓநாய் கேட்டது.

"உருளுவேன் சார்."

"வேற?"

பெர்த்தா யோசித்தது. "இந்தப் பக்கமும் உருளுவேன், அந்தப் பக்கமும் உருளுவேன்."

ஓநாய் அதை லேப்டாப்பில் தட்டியது. லேப்டாப் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் பதில் சொன்னது. ஓநாய்க்கு முகமெல்லாம் பல். "அதிர்ஷ்டசாலி நீங்க! உங்களுக்கு ஒரு இடம் இருக்குது. பலூன் கடை."

"சார், என் முதுகைப் பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டர் முதுகைப் பாக்காது மேடம். தகுதியைத்தான் பாக்கும்."

வெளியே வந்த பெர்த்தாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முள்ளெலி அழுதால் சுருண்டுவிடும், சுருண்டால் மூக்கைத் துடைக்க முடியாது, அது ஒரு பெரிய அவஸ்தை. தொழிற்சங்கத் தலைவர் வில்லெம் பக்கத்தில் வந்து நின்றது. வில்லெம் ஒரு செம்மறிக் கடா. பேச்சுவார்த்தை என்றால் நாலடி பின்னால் போய் ஓடி வந்து முட்டுவது என்றுதான் அதற்குத் தெரியும்.

"அழாத பெர்த்தா. உலகத்துல வேற வேலையா இல்லை?"

"எனக்கு வேற வேலை வேண்டாம் அண்ணே. இதே வேலைதான் வேணும். அந்தப் புதுக் கம்பளி மேல உருளும்போது வயித்துக்குக் கீழே எவ்வளவு இதமா இருக்கும் தெரியுமா? காலையில எந்திரிச்சா கால் தானா ஆலைக்குத்தான் போகுது. நான் போய் பலூன் ஊதிட்டு உக்காரணுமா?"

வில்லெம் நாலடி பின்னால் போனது. பக்கத்தில் இருந்த சுவரைப் போய் முட்டிவிட்டு வந்தது.

இப்போது ஓநாய் செய்த காரியத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். புதிதாக எழுத யாருக்கு நேரம்? அலுவலக அலமாரியைக் குடைந்தபோது பழைய கடிதம் ஒன்று அகப்பட்டது. வயதாகி ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுக்கிற கடிதம். ஓநாய் பெயரை மட்டும் மாற்றி இருநூற்றுப் பன்னிரண்டு பிரதி எடுத்தது. பாதித் தூக்கத்தில் இருந்த கரடி எல்லாவற்றிலும் பாதம் பதித்துக் கொடுத்தது. "சட்டப்படி எல்லாம் சுத்தம்" என்றது ஓநாய். எத்தனை ஆபீசில் பார்த்திருக்கிறோம் இந்த வித்தையை!

தபால்காரக் காகம் மறுநாள் பறந்தபடியே கடிதங்களைப் போட்டுக்கொண்டு போனது. மற்றவர்கள் எல்லோரும் முதல் வரியைப் படித்ததுமே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். இந்த மாதிரிக் கடிதத்தில் இரண்டாவது வரியை யார் படிக்கிறார்கள்? பெர்த்தாவின் கடிதம் மட்டும் அதன் முதுகில் விழுந்து முள்ளில் குத்திக்கொண்டது. கையும் எட்டவில்லை, கண்ணும் எட்டவில்லை.

"அண்ணே, நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றது பெர்த்தா.

வில்லெம் பின்னால் நின்று முதல் வரியைப் படித்துவிட்டு நிறுத்தியது.

"கடைசி வரைக்கும் படிங்கண்ணே. என்னை அனுப்பற கடிதம். ஒரு எழுத்து விடாம நான் கேக்கணும்."

வில்லெம் பெருமூச்சு விட்டுக்கொண்டு படித்தது. சாவியை ஒப்படைக்க வேண்டும், தட்டைக் கழுவி வைக்க வேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தது கடிதம். பதினோராவது விதிக்கு வந்ததும் கடாவின் குரல் மாறியது.

"ஆலையை விட்டுப் போகும் ஒவ்வொருவருக்கும் வழியனுப்புப் போர்வை ஒன்று தரப்படும். அது இந்த ஆலையிலேயே, கூட வேலை செய்கிறவர்கள் கையால், அவரவர் உடம்பு அளவுக்கு, அவரவர் கேட்கும் வேலைப்பாட்டோடு நெய்யப்பட வேண்டும். போர்த்திப் பார்த்துப் பொருந்துகிறது என்று ஆன பிறகே அவர் வாசலைத் தாண்ட வேண்டும்."

அது அந்த ஆலையின் பழைய வழக்கம். வருஷத்துக்கு ஒருவரோ இருவரோ ஓய்வு பெறுவார்கள். எல்லோரும் ஆளுக்கொரு கை போட்டு ஒரு போர்வை நெய்து, தோளில் போர்த்தி, காபி கொடுத்து அனுப்புவார்கள். அந்த ஒரு போர்வைக்கே ஒரு மாதம் ஆகும்.

வில்லெம் கடிதத்தை முள்ளிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடியது. பெர்த்தாவும் பின்னாலேயே ஓடியது.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றது கரடி. "கிடங்குல போர்வை மலையா கிடக்குது. ஆளுக்கு ரெண்டா எடுத்துட்டுப் போங்க."

"உடம்பு அளவுக்குன்னு போட்டிருக்குதுங்க."

"அப்ப அளவைக் குடு. அந்தக் குரங்குககிட்டச் சொன்னா நாளைக்கே அனுப்பிடும்."

"இந்த ஆலையிலேயேன்னு போட்டிருக்குதுங்க. உங்க பாதமும் பதிஞ்சிருக்குதுங்க."

கரடி ஓநாயைப் பார்த்தது. ஓநாய் கடிதத்தைப் பார்த்தது. படித்த பிள்ளை ஆயிற்றே, சமாளித்துக்கொண்டது. "இருநூற்றுப் பன்னிரண்டு போர்வைதானே? எல்லாரையும் உக்கார வெச்சு மளமளன்னு நெய்ய விட்டா மூணு மாசம். முதல் போர்வை பெர்த்தாவுக்கு. பட்டியல் வரிசைப்படி ஒவ்வொருத்தரா கிளம்பிடலாம்."

வரிசை என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் காட்டில் அது ஒரு விசேஷம். வீடு தீப்பிடித்து எரிந்தால்கூட வரிசையில் நின்றுதான் வெளியே வருவார்கள். பெர்த்தா போகாமல் இரண்டாம் ஆள் போக மாட்டார், இரண்டாம் ஆள் போகாமல் மூன்றாம் ஆள் போக மாட்டார்.

சரி, என்னென்ன வேலைப்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. கலைமான் கொம்புக்குத் தனித்தனி உறை வைத்துக் கேட்டது, பதினாறு கிளைக்கும். முயல் காதுக்கு வார் வேண்டும் என்றது. நீர்நாய்க்கு நனையாத போர்வை வேண்டுமாம். செம்மறிகள்தான் யோசித்து யோசித்து, "எங்களுக்குப் போர்வையே எதுக்கு, எங்க ரோமத்தைத் திருப்பிக் குடுத்தாப் போதும்" என்றன. எந்த ரோமம் யாருடையது என்று பிரிக்கவே நாலு பேரைப் போட வேண்டி வந்தது.

பெர்த்தா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "எனக்குச் சாதாப் போர்வை போதும்" என்றது. அப்படியே நெய்து போர்த்தினார்கள். பர்ரென்று கிழிந்தது. தடிமனாக நெய்து போர்த்தினார்கள். சல்லடை ஆனது. மூன்றாவதும் போன பிறகு பெர்த்தாவுக்கே வெட்கமாகிவிட்டது. தன்னால் வேலை கெடுகிறதே என்று ஒரு வழி சொன்னது.

"ஒண்ணு பண்ணலாங்க. என் முள்ளு ஒவ்வொண்ணுக்கும் ஒரு காஜா எடுத்துட்டா, முள்ளு அது வழியா வெளிய வந்துக்கும். துணி கிழியாது."

காஜா என்றால் சட்டையில் பொத்தான் நுழைய எடுக்கிற ஓட்டைதான். ஓரத்தில் நூல் சுற்றித் தைக்க வேண்டும். ஒன்றுக்கே பொறுமை வேண்டும். பெர்த்தாவின் முதுகில் முள் எத்தனை என்று எண்ணினார்கள். ஐயாயிரத்து நூற்றுப் பதினெட்டு.

ஓநாய் தண்ணீர் கேட்டது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாதி நாள் சும்மா கிடந்த தறிகள் இரண்டு ஷிப்ட் ஓடின. சாயத் தொட்டி ஆறவே இல்லை. பெர்த்தா காலையிலிருந்து மாலை வரை கம்பளி மேல் உருண்டுகொண்டே இருந்தது. தன்னை வெளியே அனுப்புகிற போர்வைக்குத் தானே கம்பளி சீவுகிறோம் என்று நடுநடுவே நினைவு வரும். வந்தால் ஒரு நிமிஷம் சுருளும், அப்புறம் பிரிந்து மறுபடி உருளும். வேலை என்று வந்துவிட்டால் அதற்கு மனசில் வேறு எதுவும் நிற்காது.

காஜாவுக்கு ஆள் பற்றவில்லை. தற்காலிகமாக முப்பது அணில்களை வேலைக்கு எடுத்தார்கள். எடுத்த மறுநாளே வில்லெம் வந்து கதவைத் தட்டியது.

"சார், இந்த முப்பது பேரும் வேலை முடிஞ்சதும் போவாங்கல்ல?"

"போய்த்தானே ஆகணும்?"

"அப்ப அவங்களுக்கும் முப்பது போர்வை."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். ஓநாய்க்குக் குரங்குகூட வரவில்லை, அணில்தான் வந்தது. அது லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், கிணற்றுக்குள் போன சிவப்புக் கோடு ராட்டினக் கயிறு இழுத்த மாதிரி விறுவிறுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஐக்கியக் காடுகள் சங்கத்திலிருந்து நாரை அதிகாரி ஒருவர் வந்து இறங்கினார். நீண்ட கால், நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட படிவம். வேலை போகிற மிருகங்களுக்கு நிவாரணம் கொடுப்பது அவர் இலாகா. அவர் வந்து சேர்ந்த அன்றைக்கென்று பார்த்து பெர்த்தாவின் போர்வை முடிந்துவிட்டது. அணில்களைக் குறை சொல்ல முடியாது. அதுகளுக்குக் கை வேகம் அப்படி.

எல்லோரும் ஆலை வாசலில் வரிசையாக நின்றார்கள். பெர்த்தா முன்னால் வந்தது. பெர்த்தா வாசலைத் தாண்டினால் அடுத்து கலைமான் போகும், அதற்கு அடுத்து முயல் போகும், கடைசியில் கரடி கதவைப் பூட்டும். இது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நாலு அணில்கள் போர்வையைத் தூக்கி மெதுவாகப் போர்த்தின. முள் ஒவ்வொன்றாகக் காஜாவுக்குள் நுழைந்தது. என்ன அழகு என்கிறீர்கள்! நீலமும் வெள்ளையுமாக, அதற்குள்ளிருந்து முள்ளெல்லாம் நெல் நாற்று மாதிரி எட்டிப் பார்த்தது.

"பொருந்துதா?" என்று கேட்டார் நாரை அதிகாரி.

வில்லெம் பெர்த்தாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது, தலையை ஆட்டியது, கனைத்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று இருநூறு முகங்களும் கெஞ்சின. பெர்த்தாவுக்கும் ஆசைதான். ஆனால் அணில்கள் விரல் நோகத் தைத்த போர்வை. அதை எப்படிக் குறை சொல்வது? அணில்களைப் பார்த்துச் சொன்னது: "பொருந்துதுங்க. நல்லாப் பொருந்துது."

சொல்லிவிட்டு அழுதது. அழுதால் என்ன ஆகும் என்றுதான் தெரியுமே, சுருண்டது. சுருண்டதும் "பர்ர்" என்றது.

நாரை அதிகாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். இடது தோளுக்குப் பக்கத்தில் போர்வையைக் கிழித்துக்கொண்டு ஒரு முள் நின்றது. சின்ன முள், இளசு. எண்ணிக்கையில் வராத முள்.

"இது எப்ப வந்தது?"

"தெரியலீங்க" என்றது பெர்த்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்களுக்குப் பழசு உதிர்ந்து புதுசு முளைக்கும். வேலை மும்முரத்துல நான் கவனிக்கலீங்க."

"எத்தனை நாளைக்கு ஒண்ணு முளைக்கும்?"

"அது பாட்டுக்கு முளைச்சிட்டே இருக்குங்க."

நாரை அதிகாரி விதியைப் படித்தார். பெர்த்தாவைப் பார்த்தார். படிவத்தில் எழுதினார்: "பொருந்தவில்லை. திரும்ப நெய்யவும்."

வாசலில் எழுந்த கூச்சலில் மரத்துப் பனி கொட்டியது. வில்லெம் சந்தோஷத்தில் முட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் கரடியையே போய் முட்டியது. கரடிக்கு அது உறைக்கவில்லை. "நிவாரணம் என்ன ஆச்சுங்க?" என்பதுதான் அதன் கவலை.

நாரை அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலையில் இருப்பவர்களுக்கு நிவாரணம் கிடையாது. வேலை போனவர்களுக்கு ஒரே ஒரு தடவை. ஆனால் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு, அவர்கள் போய் முடிகிற வரைக்கும் மாதாமாதம் உண்டு, ஆலைச் சம்பளம் முழுக்க அதிலேயே அடங்கிவிடும். இதுவரை எந்தக் காட்டிலும் யாரும் ஒரு மாதத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்ததில்லை என்பதால் அந்த விதியை யாரும் கவனிக்கவில்லை.

"இவ்வளவு நிதானமா, ஒருத்தரை ஒருத்தர் முந்தாம, சந்தோஷமா கூச்சல் போட்டுட்டே வேலையை விட்டுப் போற மிருகங்களை நான் பாத்ததே இல்லை" என்று நெகிழ்ந்துபோனார் அதிகாரி. "முன்மாதிரி ஆலை" என்று பலகை ஒன்றும் கொடுத்துவிட்டுப் பறந்தார். கரடி அதைக் குகையில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனது.

ஓநாய் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் நைசாக வாசல் பக்கம் நழுவியது. அங்கே பெர்த்தா நின்றது.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"என் வேலை முடிஞ்சது மேடம். போறேன்."

"போறீங்களா? அப்ப போர்வை?" பெர்த்தா நாடாவை எடுத்து ஓநாயின் கழுத்திலிருந்து வால் நுனி வரை அளந்தது. "உங்க நம்பர் இருநூத்தி நாப்பத்து மூணு சார். என்ன வேலைப்பாடு வேணும்னு யோசிச்சு வையுங்க. அதுவரைக்கும் சும்மா ஏன் நிக்கறீங்க? இந்தாங்க ஊசி."

ஓநாய் ஊசியை வாங்கிக்கொண்டு அணில்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பெர்த்தா கம்பளிக் குவியல் மேல் ஏறிப் படுத்து, வயிற்றுக்குக் கீழே அந்த இதம் படப் பட, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டது.

இன்றைக்கும் அந்தக் காட்டுப் பக்கம் போனால் ஆலை வாசலில் ஒரு பலகை தொங்குவதைப் பார்க்கலாம்: "இந்த ஆலையை மூடும் வேலைக்கு ஆட்கள் தேவை. நிரந்தரப் பணி."

நீதி: வேலையில் இருந்தால் என்றைக்காவது போய்விடும். ஆகவே புத்திசாலிகள் முதல் நாளே போக ஆரம்பித்துவிட வேண்டும். ஆனால் போய்விடக் கூடாது.